பொன்முடி வளைவில் ஒரு சஷ்டி

போன வருடம் மழைக்காலம் ஓய்ந்து, மலையெல்லாம் பச்சையாக இருந்த சமயம். திருவனந்தபுரம் கரமனையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து நானும் என் கணவரும் சைக்கிளிலேயே பொன்முடிக்குக் கிளம்பினோம். இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னது என்னவோ தெருவை நாலு சுற்றுச் சுற்றுவதற்குத்தான். எங்கள் வீட்டு மனிதர் எதைத்தான் அளவோடு செய்திருக்கிறார்? கியர் வைத்த சைக்கிள் இரண்டு வாங்கி, கோவளம், நெய்யாறு என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னையும் இழுத்துக்கொண்டு அலைய ஆரம்பித்துவிட்டார். தெருவில் எங்களுக்கு ஒரு பட்டப்பெயர்கூட உண்டு. அதை இங்கே எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார்.

முதல் நாள் நெடுமங்காடு வழியாக, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கி, விதுரையில் ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் காலை அவர் எனக்கு முன்னே குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, ஊசியையும் போட்டுக்கொண்டார். ஊசி போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். நான் குளித்துவிட்டு வந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது, "நான் அப்பவே சாப்ட்டாச்சு, கேட்டியா? நீ சாப்ட்டுட்டு வா" என்றார். பொட்டலத்தை எண்ணிப் பார்க்கிற புத்தி எனக்கு அப்போது வரவில்லை.

பொன்முடிக்குப் போக இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய பலகை இருக்கும். பம்ப், ஸ்பேனர் எல்லாம் அவர் பையில். சாப்பாடு, தண்ணீர், அவருக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் கொடுக்க வேண்டிய சாக்லேட் எல்லாம் என் பையில். அவர் வேகமாக ஏறுவார். நான் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போவேன். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் வந்து சேரும்வரை அவர் அடுத்த பலகைக்குக் கீழே காத்திருக்க வேண்டும்.

பாதி மலைவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. தேயிலைத் தோட்டம் ஆரம்பிக்கிற இடத்தில் மூடுபனி இறங்கியது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போய் அடுத்த பலகையை அடைந்தேன். அவர் இல்லை. சரி, உற்சாகத்தில் மேலே போயிருப்பார், அடுத்த வளைவில் திட்டிக்கொள்ளலாம் என்று போனேன். அங்கேயும் இல்லை. போனை எடுத்தால் ரேஞ்ச் இல்லை.

தொண்டை வறண்டு, தண்ணீர் எடுக்கப் பையைத் திறந்தேன். அடியில் அவருடைய இட்லிப் பொட்டலம், கட்டிய நூல் கட்டியபடியே கிடந்தது.

அந்த விபூதி, அந்த அதிகாலைக் குளியல் எல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. அன்றைக்குச் சஷ்டி. பெங்களூரில் எங்கள் மகள் முழுகாமல் இருந்தாள். அவளுக்காக மனிதர் விரதம் இருக்கிறார். விரதமே கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்ததால் என்னிடம் மறைத்திருக்கிறார். மறைத்தது கிடக்கட்டும். வெறும் வயிற்றில் இன்சுலினையும் போட்டுக்கொண்டு மலையேறுகிறார் என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒருதரம் வீட்டில் சர்க்கரை இறங்கி அவர் பேச்சுக் குழறியதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் சர்க்கரை டப்பா பக்கத்தில் இருந்தது. இங்கே ஒரு பக்கம் பள்ளம்.

மேலே போவதா, கீழே போவதா? தவித்துக்கொண்டு நிற்கும்போது மேலிருந்து பஸ் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தது. நடுரோட்டில் நின்று நிறுத்தினேன். கண்டக்டர் தலையை நீட்டி, "மேலே சைக்கிளொண்ணும் கண்டில்லல்லோ, சேச்சி" என்றார். மேலே இல்லை என்றால் கீழேதான். அப்படியென்றால் பனியில் நான் அவரைத் தாண்டி வந்திருக்கிறேன். கீழே செக்போஸ்ட்டில் சொல்லிவிடுகிறேன் என்று கண்டக்டர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. நான் சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

அந்த இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது. கூப்பிட வேண்டுமே, எப்படிக் கூப்பிடுவது? கல்யாணமானதிலிருந்து அவர் பெயரை நான் சொன்னதில்லை. "ஏன்னா, ஏன்னா" என்று அந்த மலை முழுக்கக் கத்திக்கொண்டு போனேன். என்னை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "யாரும்மா அது?" என்றது. கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாள், தலையில் பிளாஸ்டிக் சீட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். விவரம் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அய்யய்யோ, அந்தப் பாதையில ஒருத்தர் குந்தியிருக்காரும்மா. ஒளறிக்கிட்டு இருந்தாரு. டூர் வந்தவங்க குடிச்சிட்டுக் கெடப்பாங்களே, அப்படின்னு நெனச்சு ஒதுங்கி வந்துட்டேன்."

அவள் முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். ரோட்டிலிருந்து பத்தடி உள்ளே, தேயிலைச் செடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. சாக்லேட்டைப் பிரித்து வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விரதம்... விரதம்..." என்று குழறினார். நான் கெஞ்சினேன், அதட்டினேன். என் கையைத் தட்டிவிட்டார். என்னையே மறந்துபோன மனிதருக்கு விரதம் மட்டும் மறக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு பதறுகிறது. கண்ணெதிரே கைநழுவிப் போகிறாரே என்ற பயம்தான் அப்படிக் கோபமாக வந்தது.

அந்த அம்மாள் இடுப்புப் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். "கட்டன் சாயாம்மா. சக்கரை நெறையாப் போட்டிருக்கேன். ஆறித்தான் இருக்கு."

பிளாஸ்க்கின் மூடியில் அவள் ஊற்றிய பால் விடாத டீயை வாங்கினேன். எப்படித் தோன்றியதோ தெரியாது. அவர் முன்னால் குனிந்து, கோயிலில் குருக்கள் சொல்கிற மாதிரி, "தீர்த்தம் வாங்கிக்கோங்கோ" என்றேன்.

அவருடைய வலது கை தானாக எழுந்தது. விரல் மடங்கி உள்ளங்கை குழிந்தது. கொஞ்சம் ஊற்றினேன். உறிஞ்சிவிட்டுக் கையைத் தலையில் தடவிக்கொண்டார். மறுபடி "தீர்த்தம்" என்றேன். மறுபடி கை நீண்டது. அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் மூடியை நிரப்பிக்கொண்டே இருந்தாள், நான் விட்டுக்கொண்டே இருந்தேன். அவர் தலைமுடியெல்லாம் சாயாவில் பிசுபிசுத்தது.

பிளாஸ்க் காலியாகும்போது அவர் நிமிர்ந்து பார்த்து, "நீ எப்ப வந்தே?" என்றார். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "விரதம் போயிடுத்தா?" என்பது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் முந்திக்கொண்டாள். "முருகன் கோவிச்சுக்க மாட்டாரு சாமி. எங்க தோட்டத்து லயத்துக் கோயில்லயும் அவருதான்." பிறகு அவரே என் கையிலிருந்து சாக்லேட்டை வாங்கித் தின்றார். ஊசி மருந்துதானே, ஆகாரமில்லையே என்று நினைத்துப் போட்டுக்கொண்டாராம். அதற்கு அவர் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை. செக்போஸ்ட்டிலிருந்து வந்த ஜீப்பில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, விதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு, ஊர் திரும்பினோம். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சஷ்டிக்கு இப்போது அவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறார்.

குடிகாரர் என்று நினைத்து ஒதுங்கிப்போனதற்காக அந்த அம்மாள் அன்று என்னிடம் இரண்டு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாள். அவளாவது தெரியாத மனிதரைத் தாண்டிப் போனாள். அந்தப் பனியில் அவருக்குப் பத்தடி பக்கத்தில், என் மூச்சிரைப்பை மட்டும் கேட்டுக்கொண்டு நானும்தான் தாண்டிப் போயிருந்தேன். அதனால்தானோ என்னவோ, சாலை ஓரத்தில் யாராவது தள்ளாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், சைக்கிளை நிறுத்திப் பக்கத்தில் போய், "என்ன செய்யறது உங்களுக்கு?" என்று கேட்காமல் இன்றைக்கும் என்னால் நகர முடிவதில்லை.