ஈசானிய மூலையும் எங்கள் நாயும்

தெருவில் கடைசி வீடு எங்களுடையது. அடுத்து ஒரு காலி மனை. யாரோ வாங்கிப் போட்டது. எல்லைக்கல்லைத் தவிர அதில் எதுவும் கிடையாது. என் கணவர் லாரி புக்கிங் ஆபீசை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு ஒரு லேப்ரடார் வளர்க்க ஆரம்பித்தபின், அந்த மனை நாயின் கழிப்பறை ஆயிற்று.

"அள்ளிப் போட்டா என்னங்க?" என்று கேட்டேன்.

"காலி எடம் புள்ள. யாருக்குத் தொந்தரவு?" என்றார்.

தை மாதத்தில் மனைக்காரர்கள் வந்தார்கள். போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, பெரியவர் ஒருவர். மறுநாள் விடியற்காலையில் பூமி பூஜை, பக்கத்து வீட்டுக்காரர்கள் அவசியம் வரவேண்டும் என்று தாம்பூலம் வைத்து அழைத்தார்கள்.

"வந்தர்றோமுங்க" என்றார் என் கணவர். ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் நாய்க்கு வாஸ்து தெரியாது. ஆனாலும் அதற்குப் பிடித்த இடம் ஈசானிய மூலைதான். பூமி பூஜையும் அங்கேதான் போட வேண்டுமாம்.

விடிந்தும் விடியாத இருட்டில் ஐயர் எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். என் கணவர் முன்னால் போய் நின்றுகொண்டு, "இப்புடி வாங்க, கல்லை ஒட்டி வாங்க, அந்தப் பக்கம் வேண்டாமுங்க" என்று ஒவ்வொருவராக நடத்திக்கொண்டு போனார். அடுத்தவர் மனையில் இவ்வளவு வழி தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசியாக அந்த வீட்டம்மா, பட்டுச் சேலையும் கையில் பால் சொம்புமாகக் குறுக்கே வந்தார்.

மிதித்துவிட்டார்.

தெரு நாய்கள் எங்கள் பகுதியில் ஏராளம். ஒன்றைக் கை காட்டினால் போதும். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டு கேட்டுக்குள்ளிருந்து லேப்ரடார் குரைத்தது.

அந்த அம்மா காலைத் தூக்கியபடியே கேட்டார்: "ஏனுங்க, உங்கூட்டு நாயிங்களா?"

"ஆமாங்க" என்றார் என் கணவர்.

"நாயி அதும்பாட்டுக்குப் போவுதுங்க. அதுக்கு என்ன தெரியும்?" என்றார் அந்த அம்மா.

அவர் திட்டியிருந்தால் என் கணவர் பதில் சொல்லியிருப்பார். நான் ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அந்த அம்மா காலைக் கழுவிவிட்டேன். ஐயர், "நல்ல நேரம் போயிண்டிருக்கு" என்றார். என் கணவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைக்கால் வெட்ட வைத்திருந்த மண்வெட்டியை எடுத்து அள்ள ஆரம்பித்தார். பெரியவர் டார்ச் அடித்துக் காட்டினார்.

"அங்கொண்ணு கெடக்குது பாருங்க சாமி. அந்தக் கல்லுக்கு அண்டையில இன்னொண்ணு."

அத்தனையும் அள்ளி முடித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் பூஜை நடந்தது. எங்களுக்கும் கேசரி கொடுத்தார்கள். என் கணவர் கையை மூன்று தரம் கழுவிவிட்டும் சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலமே பழைய பேப்பரும் ஒரு சின்னக் கரண்டியும் பையில் போட்டுக்கொண்டு நாயைக் கூட்டிப் போனார். இன்றுவரை விட்டதில்லை. அந்த இடத்தில் இப்போது மாடி வீடு நிற்கிறது. போன வாரம் அடுத்த தெருக்காரர் ஒருவர், தன் நாய் எங்கள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மழை பேஞ்சாக் கரைஞ்சு போயிருமுங்க" என்றார்.

"நாமக்கல்லுல எப்பங்க மழை பேயும்?" என்று கேட்டு, என் கணவர் ஒரு தாள் பேப்பரை அவரிடம் நீட்டினார்.