வெள்ளீயத்துக்கு ஒரு கட்டம் கீழே

என் மனைவி பிளஸ் டூவில் வேதியியல் படித்தவள். நான் பத்தாவது ஃபெயில். ஆரம்பாக்கத்தில் வாடகை வீடு. கும்மிடிப்பூண்டியில் நான் கம்பி மில்லில் இருக்கிறேன். அவள் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியில் இருந்தாள்.

கல்யாணமான புதிதிலேயே அவளுக்கு வயிற்றைப் பிசையும். எதைத் தின்றாலும் ஆணியைச் சப்புவதுபோல் இருக்கிறது என்பாள். வேலையை விடச் சொன்னேன். அங்கே சூப்பர்வைசர் பெண்களிடம் ஒன்று சொல்லி வைத்திருந்தான். அவளும் அதையே என்னிடம் ஒப்பித்தாள்.

"பித்தளை குண்டான்ல ஈயம் பூசித்தானே உங்க ஊட்ல சோறு ஆக்குனாங்க? யார்னா செத்தாங்களா?"

"அது வேற ஈயம்டி," என்றேன். ஏன் வேறு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் கேலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கட்டம் போட்டாள். கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம் என்று மேலிருந்து கீழே எழுதினாள்.

"பாத்திரத்துக்குப் பூசுறது வெள்ளீயம். நாங்க உருக்குறது காரீயம். அதுக்கு நேர் கீழ இது. நெட்டுக்கு வந்தா ஒரே தொகுதி. ஒரே தொகுதின்னா குணமும் ஒண்ணுபோல இருக்கும். பரீட்சைல எழுதி மார்க் வாங்கியிருக்கேன்."

"உன் தொகுதிக்கு எம்.எல்.ஏ. யாரு?"

"பத்தாவது பெயிலு, கம்முனு சாப்புடுய்யா."

கீழே போகப் போகக் குணம் மாறும் என்றும் அதே பாடத்தில் இருக்கிறதாம். பின்னால்தான் தெரிந்தது. அந்த வரியை எவனும் அவளுக்கு மனதில் பதியச் சொல்லித்தரவில்லை. மேலே இருப்பது அடுப்புக்கரி, கீழே இருப்பது விஷம். இதை ஒரே வரிசையில் வைத்துவிட்டு, ஒண்ணுபோல என்று மட்டும் எழுத வைத்து மார்க் போட்டார்கள்.

மாசமானதும் வேலையை விட்டாள். அது போதும் என்று நினைத்தோம். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் குழந்தை.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

"நான்தான் வேலய உட்டுட்டேனே மேடம்," என்றாள்.

"ஈயம் எலும்புல போய்த் தங்கிடும்மா," என்றார் டாக்டர். "குழந்தைக்கு எலும்பு வளர உன் எலும்புல இருந்து சுண்ணாம்புச் சத்து போகும். கூடவே அதுவும் போகும்."

அதனால்தான் செத்தது என்று எழுதித் தரச் சொன்னேன். உறுதியாக எழுத முடியாது என்றார். கத்தினேன். வெளியே அனுப்பினார்கள். எழுதித் தந்திருந்தாலும் அந்தக் கம்பெனிக்காரன் என்ன செய்திருப்பான்? இன்னும் பத்துப் பெண்களை வேலைக்கு எடுத்திருப்பான்.

ரத்தத்தில் ஈயம் குறையும்வரை இன்னொரு குழந்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ரயிலேறிப் போய்ப் போய்ப் பார்க்கிறோம். அவளுக்கு வயது ஏறுகிறது.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் கேட்டார். "இன்னாம்மா, விசேஷம் எதுனா உண்டா?"

"ரத்தத்துல இன்னும் குறையலக்கா."

"ரத்தம் குறையலன்னா நல்லதுதானே. அதுக்கு ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?"

குடம் பாதிதான் நிறைந்திருந்தது, இவள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.