படு, குவானிஷ்!

என் கணவனின் முன்பற்களை நான்தான் செய்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பல் ஆஸ்பத்திரியில் பொய்ப்பல் செய்வது என் வேலை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் மாப்பிள்ளை சிரிக்கவே மாட்டேன் என்கிறாரே என்று குறைப்பட்டார்கள். எப்படிச் சிரிப்பான்? அந்த வாரம்தான் எதிரணிக்காரன் ஒருவன் மேல் வரிசையை மட்டையால் பெயர்த்திருந்தான். நான் செய்துகொடுத்தது இன்னும் ஈறில் சரியாக உட்காரவில்லை.

குவானிஷ் எங்கள் உருக்காலை அணியின் ஐஸ் ஹாக்கி தடுப்பாட்டக்காரன். பதினெட்டு வயதில் சேர்ந்தவன், பதினேழு வருஷம் ஆடினான். அத்தனை வருஷத்தில் அவன் போட்ட கோல்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். முதல் பயிற்சியாளர் அவனைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டாராம்: "தம்பி, உனக்கு அடிக்கவும் வரல, வளைஞ்சு திரும்பவும் வரல. ஆனா நல்லாப் படுக்கற. அது போதும்."

படுப்பது என்றால், எதிரணிக்காரன் மட்டையை ஓங்கும்போது அவன் எதிரே பனித்தளத்தில் விழுந்து உடம்பைக் குறுக்கே போடுவது. பந்துக்குப் பதிலாக ஆடுகிற ரப்பர் வட்டைக் குளிரில் உறையவைத்துக் கல்லாக்கித்தான் ஆட எடுப்பார்கள். நெடுஞ்சாலையில் கார் வருகிற வேகத்தைவிட வேகமாக வரும். புத்தியுள்ளவன் விலகுவான். என் ஆள் படுப்பான்.

முன்னேறிப்போய்க் கோல் தேடாமல் தன் கோல் பக்கமே நிற்கிறவனை எங்கள் ஆட்டத்தில் 'வீட்டோடு இருப்பவன்' என்பார்கள். பத்திரிகையில் அவனை அப்படி எழுதும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் வீட்டோடு இருந்தது? செப்டம்பரில் போனால் ஏப்ரலில்தான் முழுசாகக் கண்ணில் படுவான். மகள் பிறந்தபோது வெளியூர் ஆட்டத்தில், கரகண்டாவில் படுத்திருந்தான். என் அப்பாவை அடக்கம் செய்தபோது பாவ்லொதாரில் படுத்திருந்தான். வீட்டுக்கு வந்தாலும் படுக்கத்தான் செய்வான், ஒரு பக்கமாக. மறுபக்கம் முழுக்கக் கன்றிப்போன நீலம்.

ஊருக்கு அதெல்லாம் எதற்கு? எதிரணிக்காரன் மட்டையை ஓங்கினால் போதும், அரங்கமே கத்தும்: "படு, குவானிஷ்! படு!" சந்தையில் குதிரைக்கறி விற்கிறவள்கூட எடை போட்டுக்கொண்டே கேட்பாள்: "அக்கா, இன்னிக்கு அண்ணன் படுப்பாருல்ல?" செல்லமாகத்தான் கேட்பாள். கறித்துண்டை அவள் மூஞ்சியில் விட்டெறியலாமா என்றிருக்கும்.

அந்த மார்ச்சில் அரையிறுதியில் வட்டு அவன் வலது கணுக்காலில் பட்டது. எலும்பில் விரிசல் என்று எக்ஸ்ரே படத்திலேயே தெரிந்தது. இரண்டு நாளில் இறுதி ஆட்டம், அதுவும் எங்கள் ஊரிலேயே. அணி டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "உறைய வெச்சுடலாம்." மரத்துப்போக ஊசி போடுவதற்கு அங்கே அதுதான் பெயர். உறையவைத்துவிட்டு அனுப்புவார்கள்.

இறுதி ஆட்டத்தன்று நான் வேலையை அப்படியே போட்டுவிட்டு அரங்கத்துக்கு ஓடினேன். உடை மாற்றும் அறை வாசலில் அணியின் இயக்குநர் போரிஸ் கிரில்லொவிச் நின்றிருந்தார்.

"ஏம்மா இவ்வளவு கோபம்? ஒரே ஒரு ஆட்டம். வலியே தெரியாது."

"வலி தெரியலன்னா, உடைஞ்சா எப்படிங்க தெரியும்?"

"நீங்க பல்லைப் பாருங்கம்மா. காலை எங்க டாக்டர் பாத்துக்குவார்."

"உங்க ஆட்டத்துல உடைஞ்ச பல்லையெல்லாம் நான் செஞ்சு குடுத்திருக்கேன், போரிஸ் கிரில்லொவிச். கால் செய்ய எனக்குத் தெரியாது. உங்க டாக்டருக்குத் தெரியுமா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே குவானிஷ் பெஞ்சில் உட்கார்ந்து இடதுகால் ஸ்கேட்டுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். வலதுகால் ஊசிக்காகக் காத்திருந்தது.

"வா, வீட்டுக்குப் போலாம்," என்றேன்.

"பசங்கெல்லாம் என்னையே பாக்குறானுங்க, ரவ்ஷான்."

"நான் பாக்கலையா? பத்து வருஷமா நான் எதைப் பாத்துட்டு இருக்கேன்?"

"இது மட்டும். இதோட சரி."

குடிகாரன்கூட இதைவிட நம்புகிற மாதிரி சொல்வான். டாக்டர் ஊசியோடு வந்தார். நான் வெளியே வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. மேலே பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

கடைசிப் பகுதியில் எங்கள் அணி ஒரு கோல் முன்னிலை. எதிரணியில் ஒரு தடியன் மட்டையை ஓங்கினான். "படு! படு!" என்று என் பக்கத்தில் இருந்த கிழவர் என் காதிலேயே கத்தினார். குவானிஷ் படுத்தான். வட்டு அதே கணுக்காலில் பட்ட சத்தம் அந்தக் கூச்சலிலும் எனக்குக் கேட்டது. அவனுக்கு எதுவும் தெரியவில்லை. எழுந்தான், அதே காலை ஊன்றி ஓடினான், மறுபடியும் படுத்தான். உடைந்த எலும்பின்மேல் மணி அடிக்கிற வரைக்கும் நின்றான். ஜெயித்தார்கள். கோப்பையைத் தூக்கினான். கீழே உடை மாற்றும் அறையில், வீங்கிய காலிலிருந்து ஸ்கேட் கழலவே இல்லை. கத்தரியால் வெட்டி எடுத்தார்கள்.

தலைநகர் அஸ்தானாவில் திரும்பத் திரும்ப ஆபரேஷன் செய்தார்கள். கடைசியில் கணுக்கால் மடங்காதபடி இரும்பை வைத்துப் பூட்டி அனுப்பினார்கள். அவன் கட்டோடு கிடந்தபோதே அணி ஒரு பின்லாந்துக்காரனைப் பிடித்துவிட்டது. 'குடும்பத்தோடு இருக்க விரும்பி குவானிஷ் விலகினார்' என்று செய்தி வந்தது. விரும்பினானாம்! யார் வந்து கேட்டார்கள்? ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடை பழம் அனுப்பினார்கள், அவ்வளவுதான். அந்தப் பழத்தை ஒன்று விடாமல் குப்பையில் கொட்டினேன்.

இலையுதிர் காலத்தில் புது ஆட்டங்கள் தொடங்கும் நாளில் பாராட்டு விழா என்று கூப்பிட்டார்கள். போகாதே என்றேன்.

"பதினேழு வருஷம் ஆடியிருக்கேன். ஒரு கைதட்டல் வாங்கிட்டு வந்துடறேனே," என்றான். அவன் குரல் அப்படியிருந்தது. என்னால் அதற்குமேல் சண்டை போட முடியவில்லை.

பனித்தளத்தின்மேல் கோல் வரைக்கும் கம்பளம் விரித்திருந்தார்கள். கைத்தடியோடு நொண்டி நொண்டி நடந்தான். எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு, 'சப்பான்' என்கிற சரிகை போட்ட அங்கியைத் தோளில் போர்த்தினார்கள். போரிஸ் கிரில்லொவிச் மைக்கில் பேசினார், தியாகம் என்றார், ஊரின் பெருமை என்றார். பிறகு அரங்கத்தைப் பார்த்துக் கண்சிமிட்டினார்.

"கடைசியா ஒரு தடவை பாத்துடலாமா?"

அவ்வளவுதான். "படு, குவானிஷ்! படு!" ஐயாயிரம் பேர். அன்பாகத்தான் கத்தினார்கள். வேண்டாம், வேண்டாம் என்று முதல் வரிசையிலிருந்து கையை ஆட்டினேன். அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. கைத்தடியை இயக்குநரிடம் கொடுத்துவிட்டு, கம்பளத்தைத் தாண்டி, அந்த அங்கியோடு கோலுக்கு முன்னால் பனியில் படுத்தான்.

கூரை இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். பிறகு அவன் எழ முயன்றான். மடங்காத கால் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது, மற்றக் கால் புது ஷூவில் வழுக்கியது. மறுபடி முயன்றான், மறுபடி வழுக்கியது. வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். போரிஸ் கிரில்லொவிச் கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்.

தடுப்பைத் தாண்டி இறங்கினேன். பனியில் விழுந்து எழுந்து அவனிடம் போய்ச் சேர்ந்தேன்.

"காலை ஊனு. என் தோளைப் புடிச்சுக்கோ. ஊனு!"

"ஊனியிருக்கேனான்னே தெரியல, ரவ்ஷான்." அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "இன்னிக்கு ஊசிகூடப் போடலியே."

இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினேன். அதற்கும் கைதட்டினார்கள்.