ஊர் முழுக்க ஒரே எண்

ஒரு வீட்டுக்குள் இரும்புப் பெட்டியைக் கொண்டுவருவதற்கு முன்னால் நெல்டா புரூயிட் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிடுவாள். வாசல் நாற்காலியில் போய் உட்காருங்கள், கூப்பிட்டால் வந்தால் போதும் என்பாள். அவர் போனதும் மிச்சமிருப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

“அவரு துப்பாக்கிய எங்க வெச்சிருக்காரு?”

எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட வரும் மாமியாருக்கும் தெரியும். ஃபிரிட்ஜ் மேலே டப்பாக்களுக்குப் பின்னால். அலமாரியில் பழைய பூட்ஸுக்குள். மெத்தைக்கு அடியில், தலைமாட்டுப் பக்கம். வெளியே உட்கார்ந்திருப்பவர் ஒருவர் மட்டும்தான் அதை ரகசியம் என்று நம்பிக்கொண்டிருப்பார். அவரை உள்ளே கூப்பிட்டு அந்தப் பதில்களை அவர் காதுபடச் சொல்லவைத்த பிறகுதான் நெல்டா டிரில்லைக் கையில் எடுப்பாள். அதற்கப்புறம் யாரும் அவளோடு வாதம் செய்ததில்லை.

ஹாஸ்கின் வெல்ஸ் ஊரில் இப்போது அவள் பொருத்திய பெட்டிகள் நூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. பத்தொன்பது வருட வேலை. அதற்கு முன்னால் கணவன் ராய்ஸின் பட்டறையில் மாட்டுப் பட்டிகளுக்கு இரும்பு கேட் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே ஃபுட்பால் மைதானத்தில் இருந்த நேரத்தில் அவள் வீட்டுக்குள் திருடன் புகுந்தான். வேறு எதையும் தொடவில்லை. அலமாரியைத் திறந்து, குளிர்காலக் கோட்டுகளை ஒதுக்கி, அவற்றுக்குப் பின்னால் சாத்தியிருந்த வேட்டைத் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஐந்து மாதம் கழித்து ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஆள் வந்து அதைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் லபக் நகரத்தில் அந்தத் துப்பாக்கிக் குண்டு பட்டு ஒரு கடைக்காரப் பையனின் வலது கை செயலற்றுப் போயிருந்தது.

யாரும் நெல்டாவைக் குறை சொல்லவில்லை. அவளுக்குத்தான் தாங்கவில்லை. நேரே அங்கே போயிருக்கிறான் என்பதுதான் அவளைக் குடைந்தது. யாராக இருந்தாலும் நேரே அங்கேதான் போயிருப்பார்கள். கடையில் ஒரு பெட்டி வாங்கிவந்து பட்டறையில் பிரித்துப் போட்டாள். கதவின் தகடு ரொட்டி சுடும் தட்டு கனம்தான் இருந்தது. கடப்பாரையால் மூன்று நிமிடத்தில் நெம்பித் திறந்துவிட்டாள். அடுத்ததை நெம்ப நாற்பது நிமிடம் ஆனது. எந்தத் தகடு, எந்தப் பூட்டு, கான்கிரீட் தரையில் போல்ட் எத்தனை அங்குலம் இறங்க வேண்டும், மரச்சுவர் வீட்டில் உள்கட்டையை எப்படித் தட்டிக் கண்டுபிடிப்பது, எல்லாவற்றையும் இப்படியே கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் பெட்டியைப் பொருத்தி முடித்ததும் ஆறடிக் கடப்பாரையை அதன் இடுக்கில் செருகி, நூற்றுப் பதினைந்து கிலோ ராய்ஸை அதில் தொங்கச் சொல்வாள். பெட்டி அசையாது. இதுவரை ஒன்றுகூடப் பெயர்ந்து வந்ததில்லை. இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டுமே, அவள் சம்பாதித்த பெருமை அது.

போன மே மாதம் ஃபோர்ட் வொர்த்திலிருந்து கார்லிஸ் போனில் கூப்பிட்டாள். பள்ளி ஃபுட்பால் அணிக்குக் கோச்சாக இருந்த ஓடெல் பாஸ்கினின் ஒரே மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“நெல்டாக்கா, எங்கப்பாகிட்ட யாராச்சும் பேச முடியும்னா அது நீங்கதான். கிறிஸ்துமஸுக்கு வந்தப்போ என் பொண்ணு பெய்ஸ்லி கத்தரிக்கோல் தேடி அவரு கட்டில் பக்கத்து டிராயரைத் திறந்துட்டா. உள்ள துப்பாக்கி. அவ தொடல, மூடிட்டு வந்து எங்கிட்ட சொன்னா. அஞ்சு வயசு.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“டிராயரை மாத்திடுறேன்னாரு!” கார்லிஸ் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. “அதை அவரு பூட்டி வெக்கிற வரைக்கும் பிள்ளைய அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். லீவுக்கு ஆறு வாரம் அங்க விடுறதா இருந்தேன். அஞ்சு மாசமாச்சு அவரு இவளைப் பாத்து.”

கோச்சின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஊரிலிருந்து பதினோரு மைல் தள்ளித் தனியாக இருக்கிறார். ஷெரீஃபின் ஆள் வந்துசேர அரைமணி நேரம் ஆகும். இரண்டு வருடம் முன்பு இரண்டு பேர் சமையலறைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர் கைத்துப்பாக்கியோடு நடையில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். வந்த வழியே ஓடிப்போனார்கள். அந்த மனிதரிடம் போய் அதை எட்டாத இடத்தில் வையுங்கள் என்று யார் சொல்வது?

நெல்டா ராய்ஸையும் கூட்டிக்கொண்டு போனாள். காலை பத்து மணி. எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர் வாசலில் ஐஸ் டீயோடு நின்றிருந்தார்.

“வாம்மா டிராம்போன்,” என்றார். பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் அவள் டிராம்போன் வாசித்தவள். “ஆட்ட இடைவேளை அணிவகுப்புல எல்லாரும் வலது பக்கம் திரும்பினப்போ நீ மட்டும் இடது பக்கம் போனே. நீ வந்து எனக்கு வழி சொல்லப் போறியா?”

“ஒரு தடவைதான் கோச் தப்பாப் போனேன். நீங்கதான் முப்பது வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கீங்க. இந்த நாற்காலியில உக்காருங்க. கூப்பிடுறேன்.”

“என் வீட்டுல என்னையே வெளிய உக்கார வெக்கிறியா?”

“எல்லாரையும்தான்.”

வீட்டில் வேறு யாரும் இல்லை, வியாழக்கிழமைகளில் சுத்தம் செய்ய வரும் ஓஃபேலியா மட்டும்தான். நெல்டா கேள்வியைக் கேட்டதும் அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

“முன்ன டிராயர். பாப்பா பாத்ததுக்கப்புறம் கோப்பை வெச்சிருக்கிற அலமாரி. ஈஸ்டருக்கு அங்கேருந்து மாவு டப்பா. ரெண்டு நாள் மாவு டப்பாவுல இருந்துச்சு, பிஸ்கெட் சுடப்போறேன்னு நான் சொன்னதும் முகம் வெளுத்துப்போச்சு அவருக்கு. இப்ப தலையணை உறைக்குள்ள. ஒவ்வொரு வியாழனும் உறை மாத்துறவ நான்தானே?”

கோச் உள்ளே வந்து முழுவதையும் கேட்டார். மாவு டப்பா வந்தபோது கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஓஃபேலியா, இதெல்லாம் நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“நீங்க ஒளிச்சு வெச்சீங்க கோச். கண்டுபிடிச்சேன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க.”

நெல்டா கட்டிலின் உள்பக்கம் மண்டியிட்டாள். சுவரைத் தட்டிக் கட்டையைக் கண்டுபிடித்துப் பென்சிலால் கோடு போட்டாள். படுத்தபடியே கையை நீட்டினால் எட்ட வேண்டும், எழுந்து நிற்க வேண்டியிருக்கக் கூடாது, ஏனென்றால் அவருக்கு முட்டி சரியில்லை. போனும் அதே பக்கம் இருக்க வேண்டும். ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு இரும்புப் பெட்டி, முகப்பில் பத்துப் பொத்தான். கட்டையில் நான்கு போல்ட் இறக்கினாள். ராய்ஸ் கடப்பாரையில் தொங்கினான். சுவர் முனகியது, பெட்டி அப்படியே இருந்தது.

“இப்ப நாலு எண் போடுங்க கோச். நான் திரும்பிக்கிறேன்.”

நான்கு முறை ‘டிக்’ என்றது. “போட்டாச்சு. எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது.”

நெல்டா திரும்பிவந்து குனிந்தாள். இரண்டு, ஒன்று, ஒன்று, நான்கு. கதவு திறந்துகொண்டது.

கோச் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

எண்பத்தேழாம் வருடம் டாலஸ் மைதானத்தில் ஹாஸ்கின் வெல்ஸ் மாநிலக் கோப்பையை வென்றபோது புள்ளிக்கணக்கு இருபத்தொன்றுக்குப் பதினான்கு. ஊரின் தண்ணீர்த் தொட்டியில் அது ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறது. காப்பிக் கோப்பையில், தொப்பியில், ஊர் எல்லைப் பலகையில் இருக்கிறது. எண் படிக்கக் கற்றுக்கொள்ளும் குழந்தை முதலில் படிப்பதே அதைத்தான்.

“எப்படித் தெரியும்?” என்றார் கோச்.

“ஆம்பளை ஆஸ்பத்திரியில படுத்துட்டாலோ போய்ச் சேந்துட்டாலோ, நம்பர் தெரியலன்னு வீட்டுப் பொம்பளைங்க என்னைக் கூப்பிடுவாங்க. முப்பத்தொரு வீட்டுக்குப் போயிருக்கேன் கோச். இருபத்திரண்டு பெட்டி இந்த நம்பருக்குத் திறந்துச்சு. ரெண்டு வருஷமா புதுசா மாட்டுற வீட்டுலெல்லாம் நானே போட்டுத் திறந்துகாட்டி மாத்தவெக்கிறேன். பழைய வீட்டுக்காரங்ககிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பழைய பெட்டியெல்லாம் இந்த நம்பர்தான்னு ஒருத்தர்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. ஊருக்குத் தெரிஞ்சா திருடனுக்கும் தெரியும்.”

கோச் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று ராய்ஸ் எதிர்பார்த்தான். அவர் முகத்தில் வந்தது சிரிப்பு. ஊரில் இத்தனை வீட்டுச் சுவருக்குள் தன்னுடைய ஆட்டம் இருக்கிறது என்ற பெருமிதம் முதலில் வந்தது. அது அடங்கிய பிறகுதான் பேச்சு வந்தது.

“அடப்பாவிங்களா. அத்தனை பேரும் ஒரே ஆட்டத்தையே ஆடிக்கிட்டிருக்கானுங்க. எதிராளிக்கு அது மனப்பாடம்னு ஒருத்தனுக்கும் தோணல.” கொஞ்சம் பொறுத்து, “எனக்கும்தான்,” என்றார்.

அவளை மறுபடி திரும்பச் சொன்னார். நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு நான்கு ‘டிக்’.

“தோத்த ஆட்டம் ஒண்ணு இருக்கு,” என்றார் அவள் முதுகைப் பார்த்து. “ஊரே அதை மறந்தாச்சு. நான் மட்டும் மறக்கல.”

நெல்டா எட்டுத் தடவை முயன்று பார்த்தாள், ஒவ்வொரு மூன்று தப்புக்கும் பெட்டி ஐந்து நிமிடம் அடம்பிடித்தது. அவருடைய பிறந்த வருடம், மகளுடைய பிறந்தநாள், மனைவி இறந்த தேதி. திறக்கவில்லை. அதன் பிறகு தோட்டாவை எடுத்துவிட்ட துப்பாக்கியை உள்ளே வைத்து, சமையலறைத் துண்டால் அவர் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தாள். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பதினாலு செகண்டு. ஆகாது கோச்.”

“இன்னொரு தடவை.”

“பதினொண்ணு.”

“இன்னொரு தடவை! காலை அகட்டுடா, கையை நேரா நீட்டுடா!” என்று தன்னையே திட்டிக்கொண்டார், ஆகஸ்ட் வெயிலில் பையன்களைத் திட்டிய அதே தொனியில். இருபதாவது தடவை ஏழு வந்தது. அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்க கோச் போனும் கையுமாக இருந்தார். நெல்டா பெட்டி பொருத்திய ஒவ்வொரு வீட்டுக்கும் கூப்பிட்டார். “உன் பெட்டி நம்பர் என்னன்னு நான் கேக்கல. எனக்கே தெரியும். மாத்து. ஏன்னு கேக்காதே, கோச் சொன்னாருன்னு மாத்து.” சிலர் அன்றைக்கே மாற்றினார்கள். இருவர் மட்டும், அது அந்த ஆட்டத்துக்கு மரியாதைக் குறைவு என்று தயங்கினார்கள். அவர்களை நேரில் போய்த் திட்டிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை கார்லிஸ் வந்தாள். காரை நிழலில் நிறுத்தினாள், டிக்கியைத் திறக்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று போனிலேயே சொல்லியிருந்தாள். பெய்ஸ்லி ஓடிப்போய்த் தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் குனிய முடியாமல் குனிந்தார்.

நெல்டா அவரை நாற்காலிக்கு அனுப்பினாள். இந்தத் தடவை அவர் முணுமுணுக்காமல் போனார்.

“பெய்ஸ்லி, தாத்தா துப்பாக்கி எங்க இருக்கு, தெரியுமா?”

குழந்தை அறைக்குள் நடந்துபோய்ப் பெட்டியைக் காட்டினாள். “இதுக்குள்ள. தாத்தா போன்லயே சொன்னாரு.”

கார்லிஸின் முகம் வாடிவிட்டது. “சொல்லிட்டாரா? நெல்டாக்கா, பூட்டுற லட்சணமா இது?”

“நான்தான் சொல்லச் சொன்னேன். ஒளிச்சு வெச்சா இவ தேடுவா. பூட்டி வெச்சா தேடறதுக்கு ஒண்ணுமில்ல. இந்தச் சோதனைக்காகத் தோட்டா முந்தாநாளே ஓஃபேலியாவோட வீட்டுக்குப் போயாச்சு, உள்ள இருக்கிறது வெறும் துப்பாக்கி. இவ முயற்சி பண்ணட்டும்.”

பெய்ஸ்லி ஒவ்வொரு பொத்தானாக வாய்விட்டுச் சொல்லி அமுக்கினாள். “ரெண்டு… ஒண்ணு… ஒண்ணு… நாலு. தாத்தா நம்பர்!” சிவப்பு விளக்கு. அடுத்து எண்பத்தேழாம் வருடம். சிவப்பு. கார்லிஸ் பொறுக்காமல் தானே குனிந்து மகளின் பிறந்தநாளைப் போட்டாள். சிவப்பு எரிந்து பெட்டி பூட்டிக்கொண்டது.

“இதுதான்னு நினைச்சேன்,” என்றாள். பாதி நிம்மதி, பாதி மனத்தாங்கல்.

“அதை ஃபேஸ்புக்ல கேக் படத்தோட போட்டவரு அவருதான். ஊருக்கே தெரியும். அதனாலதான் போடல.” நெல்டா சிறிய சாவியை அவள் கையில் வைத்தாள். “பொத்தான் கெட்டுப்போனா திறக்கறதுக்கு. இந்த வீட்டுல வேற சாவி கிடையாது. உங்கிட்டயே வெச்சுக்க.”

பெய்ஸ்லியைப் பார்க்க வந்திருந்த ஓஃபேலியா அவளைக் கோழிக்கூண்டுப் பக்கம் கூட்டிப்போனாள். ஐந்து நிமிடம் கழிந்ததும் கோச் உள்ளே வந்தார். தானே துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தார். நெல்டா கடிகாரத்தைக் கார்லிஸிடம் கொடுத்தாள். அவர் கை சுவரோடு ஊர்ந்தது, நான்கு முறை ‘டிக்’ என்றது, கதவு திறந்தது.

“எவ்வளவு?” என்றார் துண்டுக்கடியிலிருந்து.

“ஆறுப்பா.”

“ஆறா!” துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். “கேட்டியா டிராம்போன்? ஆறு!”

கார்லிஸ் பெட்டிக் கதவை மூடி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு காருக்குப் போய் டிக்கியைத் திறந்தாள். உள்ளே ஊதா நிறச் சூட்கேஸ் ஒன்று, ஆறு வாரத்துத் துணியோடு. அதைத் தூக்க ராய்ஸ் முன்னால் வந்தான். கோச் அவனைக் கையால் ஒதுக்கிவிட்டு, முட்டி வலியைக் காட்டிக்கொள்ளாமல், அதைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினார்.