கீரி முடி பிரஷ்

இன்று மாட்டுங்காவில் ஓர் எழுதுபொருள் கடையில் நின்றிருந்தேன். வனவிலங்குப் பாதுகாப்பு ஓவியப் போட்டிக்குப் புலி வரையும் தம் மகளுக்காக, பக்கத்தில் ஒரு பெண்மணி தூரிகை கேட்டார்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, உள்ள கீரி முடி பிரஷ் இருக்கு. ஒரிஜினல்."

நான் குறுக்கிட்டேன். "கீரியைக் கொன்னுதான் அந்த முடியை எடுக்கறாங்க. விக்கறதே குற்றம். ஜெயில் உண்டு."

"கீரி என்ன சார், புலியா?"

பெண்மணி தயங்கவில்லை. "வேணாம்ப்பா. நைலானே குடு."

"நைலான்ல மீசை நைசா வராதுக்கா. பிரைஸ் போயிரும்."

"போகட்டும். மீசையில்லாத புலியா வரைவா."

வனவிலங்குச் சட்டம் கடுமையாகவே இருக்க வேண்டும் என்பவன் நான். இன்று என் பக்கம் ஒரு வாக்கு கூடியது.

ஓவியப் போட்டி நடுவர்கள் எவரேனும் இங்கிருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்: மீசைக்கு எத்தனை மதிப்பெண்?