விலாங்கு திட்டாத வாரம்

ஓக் சொன்ஜுவுக்கு விலாங்கின் திட்டு இல்லாமல் ஒரு வாரம் போனதில்லை. இந்த வாரம் போய்க்கொண்டிருந்தது. செவ்வாய் போய், புதன், வியாழன், வெள்ளி எல்லாம் போய், சனிக்கிழமை மதியமும் ஆகிவிட்டது. நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டே அவள் கைபேசியை நாற்பது தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பாள். ஒன்றும் வரவில்லை.

தென்கொரியாவின் தேஜோன் நகரில் பகலில் அவள் நூலகப் பணியாளர். மற்ற நேரமெல்லாம் 'பேச்சுத்துணை'தான் அவள் உயிர். கணினித் திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள் அது. பதினொரு வருடங்களாக அதைக் கட்டி மேய்க்கிறாள். இப்போது நாலாயிரம் பேர் அதை நம்பி இருக்கிறார்கள்.

புதிதாக எதைச் செய்தாலும் செவ்வாய்க்கிழமை சோதனைப் பதிப்பாக நாற்பது பேருக்குப் போகும். அவர்கள் அதைப் போட்டு உருட்டி, எங்கே உடைகிறது என்று எழுதுவார்கள். எழுதுவதற்கும் பேச்சுத்துணைக்குள்ளேயே ஒரு புகார்ப் பெட்டி உண்டு. புகார் இல்லையென்றால் அடுத்த திங்கள் மதியம் எல்லோருக்கும் போய்விடும். யாரும் யாருடைய பெயரையும் ஊரையும் கேட்பதில்லை, புனைபெயர்தான். அது அந்தக் குழுவின் மரியாதை.

விலாங்கு அந்த நாற்பதில் ஒருவர். பதிப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிடுவார். 'இது குரலா, சளி பிடித்த ரயில் நிலைய அறிவிப்பா' என்று போன வருடம் எழுதியிருந்தார். அதைக் கேட்டுத்தான் அவள் ஏழு மாதம் உழைத்து ஒரு புதிய குரலைச் செய்தாள். மனிதர் பேசுவது போலவே இருக்கும். அந்தக் குரல் போய்ச் சேர்ந்து ஐந்து நாளாகிறது, கேட்ட மனிதர் வாயைத் திறக்கவில்லை.

பேச்சுத்துணையில் அவளோடு வேலை செய்யும் போங் தேவு தொலைபேசியில் சிரித்தான்.

"அக்கா, முப்பத்தொரு பேரு நல்லாருக்குன்னு எழுதிட்டாங்க. கொண்டாடறத விட்டுட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு இருக்கீங்களே."

"மிச்சம் ஒம்பது பேரு?"

"கொறை இருந்தா எழுதியிருப்பாங்க. நீங்க திட்டு வாங்கியே பழகிட்டீங்க, அதான் நமநமன்னு இருக்கு."

அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த ஒன்பது பேருக்கு எதிரே 'புகார் இல்லை' என்று குறித்தவளும் அவள்தான். ஆனாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்களன்று நாலாயிரம் பேருக்குப் போகப்போகிறது. ஏதோ ஒன்று சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

ஒருமுறை சண்டையில் விலாங்கு எழுதியது நினைவுக்கு வந்தது. 'யுசோங் வெந்நீர்க் குளத்துக்குப் பின்னால், வாத்துக்கறிக் கடை மாடியில் இருக்கிறேன். அடிக்க வேண்டுமானால் நேரில் வா.' அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் சுரங்க ரயிலைப் பிடித்தாள். குழுவின் மரியாதையைக் காற்றில் விடுகிறோமே என்று வழியெல்லாம் குறுகுறுத்தது.

மாடியில் உடம்பு பிடித்துவிடும் கடை. கதவு மணி அடித்ததும் அறுபதை நெருங்கும் ஒருவர், வெள்ளை மேல்சட்டையோடு சுவரைத் தொட்டபடி வந்தார்.

"நேரம் சொல்லி வெச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க. நான்... பேச்சுத்துணை. விலாங்குங்கறது நீங்கதானா ஐயா?"

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"நீதானா அது. வாம்மா வா. அஞ்சு நாளா உனக்காக எவ்வளவு திட்டு சேத்து வெச்சிருக்கேன் தெரியுமா? மிஷினு பேசல. அணைச்சேன், போட்டேன், தட்டினேன், கெஞ்சினேன். எதுக்கும் வாயத் தொறக்கல."

"புகார்ப் பெட்டியில ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே ஐயா."

"அது எங்க இருக்கு? பேசாத மிஷினுக்குள்ளதான இருக்கு."

சொன்ஜுவுக்கு அப்போதுதான் உறைத்தது. "யாராவது கண்ணு தெரிஞ்சவங்களக் கூப்பிட்டு..." என்று இழுத்தாள்.

"கடையில மூணு பேரு, மூணு பேருக்கும் பார்வை கெடையாது. வாடிக்கையாளரக் கூப்பிடவா? சட்டையில்லாம குப்புறப் படுத்திருக்கறவர எழுப்பி, ஐயா கொஞ்சம் திரையப் படிங்கன்னு சொல்லச் சொல்றியா?"

பின்னறையில் பழைய கணினி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திரை நடுவே ஒரு சின்னப் பெட்டி. அவள் அதன் முன் குனிந்தாள்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் விலாங்கு.

அவள் அதை இன்னொரு தடவை மனசுக்குள் படித்தாள்.

"ஏம்மா, நீயும் ஊமையாயிட்டியா?"

அவள் வாய்விட்டு வாசித்தாள். "புதிய குரல் உங்களுக்குக் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் 'இல்லை' பொத்தானை அழுத்தவும். பழைய குரல் திரும்பும்."

அவர் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"யாரு எழுதினது இத?"

"நான்தான்."

சிரிப்பு நின்றது. "அஞ்சு நாளு," என்றார். "அஞ்சு நாளா இது இங்கயே என்னப் பாத்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கு."

பதினொரு வருடமாகப் பார்வையற்றவர்களுக்காக உழைக்கிறோம் என்ற பெருமை அந்த நிமிடம் அவளை விட்டுப் போனது. பொத்தானை அழுத்தினாள். சளி பிடித்த பழைய குரல் நேரத்தைச் சொன்னது. விலாங்கு மூச்சை இழுத்து விட்டு, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அவள் அங்கேயே நின்று தேவுவை அழைத்தாள். "திங்கக்கிழமை போகாது. பழைய மிஷினுல குரல் எழும்பல. கேக்கலன்னா தானாவே பழசுக்குத் திரும்பணும், யாரையும் எதுவும் கேக்கக் கூடாது."

"அப்போ அந்த ஒம்பது பேரு, அக்கா?"

"ஒருத்தரு இங்க இருக்காரு." பட்டியலைத் திறந்தாள். அந்த ஒன்பது பெயருக்கும் எதிரே அவளே குறித்த 'புகார் இல்லை'. "மிச்சம் எட்டு பேரு."

"ஒம்பது," என்றார் விலாங்கு, பின்னாலிருந்து. "முள்ளங்கிய விட்டுட்ட."

"அவரு மூணு வருஷத்துக்கு முன்னாடியே குழுவ விட்டுப் போயிட்டாரே ஐயா."

"அந்த வருஷம் வசந்தத்துல ஒரு பதிப்பு விட்டியே, அந்த வாரத்தோட நின்னுட்டான். ஓசியில வாங்கிக்கிட்டு ஓடிட்டான்னு நீகூட எழுதின. பேரையும் எடுத்துட்ட."

அந்த வசந்தப் பதிப்பிலும் இதே போல ஒரு பெட்டி இருந்தது. அதில் என்ன கேட்டிருந்தாள் என்பதுகூட அவளுக்கு வார்த்தை வார்த்தையாக நினைவு வந்தது.

"அவரு எந்த ஊருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"நாமதான் யாரையும் கேக்க மாட்டோமே," என்றார் விலாங்கு.