சந்திரவதனாவின் இருபத்தாறு வாரங்கள்

வேலை நின்றுபோன பிறகும் மூன்று மாதம் சந்திரவதனா காலை ஐந்தரைக்கே வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். தோளில் கருவிப் பை, கையில் தேநீர்க் குடுவை. லண்டனின் 86ஆம் இலக்க பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை போவாள், திரும்பி வருவாள். இல்ஃபோர்ட் நூலகம் திறந்ததும் உள்ளே போய் மாலை வரை இருப்பாள். இருட்டிய பிறகு, வேலை முடித்து வருகிறவர்களோடு சேர்ந்து வீடு இருக்கும் குட்மேய்ஸில் இறங்குவாள்.

ஐம்பத்திரண்டு வயது. கணவனைப் பிரிந்து பன்னிரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். கீழே வீட்டுக்காரி மரியமலர், மன்னாரில் இருந்து வந்து நர்ஸாக வேலை செய்து ஓய்வுபெற்றவர்.

சந்திரவதனாவுக்குப் படப்பிடிப்பில் வேலை. அங்கே அவள் பெயர் சந்திரா. தையல் பிரிவு புதிதாகத் தைத்துத் தரும் உடுப்பைப் பத்து வருடம் உடுத்தது போல ஆக்கித் தருவாள். முழங்கையைச் சாண்ட்பேப்பரால் தேய்ப்பாள். கழுத்துப் பட்டியைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைப்பாள். ஒரு பிச்சைக்காரனின் கோட்டுக்காக ஐந்து நாள் பாடுபட்டிருக்கிறாள். கலியாண வீடுகளில் யாராவது கேட்டால் "தையல் வேலை" என்று சொல்லிவிடுவாள். படம் என்றால், எந்த நடிகரைக் கண்டாய் என்று கேட்பார்கள். அவள் வேலை செய்தது ஸ்டூடியோவின் பின்புறக் கொட்டகையில். நடிகர்களின் உடம்பளவு தெரியும், முகம் பெரும்பாலும் தெரியாது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவில் எழுத்தாளரும் நடிகரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்கப் படங்களை நம்பியிருந்த லண்டன் ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. ஒக்டோபரில் அவள் கடைசி வேலையும் முடிந்தது. வேலைநிறுத்தம் தீர்ந்த பிறகும் யாரும் கூப்பிடவில்லை. ஆறு மாதம் ஒரே கொட்டகையில் தோளோடு தோள் நின்றவர்கள், படம் முடிந்ததும் கட்டிப்பிடித்து விடைபெற்றவர்கள், ஒருவரும் அழைக்கவில்லை. அவர்களுக்கும் வேலை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் போனை மேசையில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

ஜனவரியில் ஒரு நாள் காலை, மரியமலர் படியடியில் நின்றார்.

"வதனா, எங்கை போறாய்?"

"வேலைக்கு அக்கா."

"பொய் சொல்லாதை. கோயிலுக்கு வாற பிள்ளையள் உன்னை ஒவ்வொரு நாளும் நூலகத்திலை காணுதுகள். உள்ளுக்கு வா. இந்தக் குளிருக்கை பஸ்ஸிலை இருந்து என்னத்தைக் காணப்போறாய்?"

சந்திரவதனா பையை இறக்கினாள். அழவில்லை. "ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை அக்கா" என்றாள்.

"ஆரும் கேக்கேல்லை. நீ பெனிபிட் கேட்டனியோ?"

கேட்கவில்லை. அன்றுதான் இருவரும் குசினி மேசையில் இருந்து அரசாங்க உதவிப்பண விதிகளைப் படித்தார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட் அவளுக்குக் கிடைக்காது. கணவனைப் பிரிந்தபோது வீடு விற்றதில் வந்த பங்கு வங்கியில் கிடந்தது, அது சேமிப்புக்கு விதித்த எல்லையைத் தாண்டிவிட்டது. என்றாவது ஒரு சின்ன பிளாட் வாங்கலாம் என்று தொடாமல் வைத்த பணம். மற்றது வேலை தேடுவோருக்கான உதவித்தொகை. அதற்குச் சேமிப்பைப் பார்க்கமாட்டார்கள். தேசிய காப்புறுதியைப் பார்ப்பார்கள். முந்திய இரண்டு வரி ஆண்டுகளில் சம்பளத்திலிருந்து கழித்துக் கட்டியிருக்க வேண்டும், அதில் ஓர் ஆண்டிலாவது இருபத்தாறு வாரம். சுயதொழில்காரர் கட்டியது கணக்கில் வராது.

படத்துறையில் பாதிப்பேர் சுயதொழில்காரர். அவளும் அப்படித்தான். ஒரு படத்தைத் தவிர. இரண்டாயிரத்து இருபத்தொன்று நவம்பர் முதல் அடுத்த ஒக்டோபர் வரை பதினொரு மாதம் ஓடிய ஒரு சரித்திரப் படத்தில் மட்டும் அவளைச் சம்பளப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். வாராவாரம் கழித்தார்கள். வரி ஆண்டு ஏப்ரலில் மாறுவதால், அந்தப் பதினொரு மாதம் இரண்டு ஆண்டுகளையும் தொட்டது.

பெப்ரவரியில் விண்ணப்பித்தாள். மூன்று வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அவள் பெயரில் போதிய காப்புறுதிப் பதிவு இல்லை.

சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பாஸ்போர்ட்டில் அவள் பெயர் தகப்பன் பெயரோடு சேர்த்து வைத்தியநாதன் சந்திரவதனா. சீட்டில் 'சந்திரா வதன்'. காப்புறுதி இலக்கம் இருக்க வேண்டிய இடம் வெறுமை. இரண்டு வருடம் முன்பு கைக்கு வந்த தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தவள் அவள். அவளுக்காகக் கட்டிய காசு, இல்லாத ஒருத்தியின் பெயரில் எங்கோ கிடந்தது.

படக் கம்பெனியை அழைத்தாள். அந்த ஒரு படத்துக்கென்று தொடங்கிய கம்பெனி. படம் முடிந்ததும் மூடிவிட்டார்கள். மின்னஞ்சல் திரும்பி வந்தது. கடைசியில் அந்தப் படத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். நூற்றி நாற்பது பேர். யாரோ தொலைத்த குடையைப் பற்றிய கேள்விதான் கடைசிச் செய்தி, ஒன்றரை வருடப் பழசு. கணக்குப் பிரிவில் 'நிதி' என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு நடந்ததை ஆங்கிலத்தில் நாலு வரியில் எழுதினாள்.

பத்து நிமிடத்தில் போன் அடித்தது.

"நீங்க தமிழ்தானே? உடுப்புப் பிரிவு சந்திரா?" என்றது குரல். "நான் ஸ்ரீநிதி. கோயம்புத்தூர்."

சந்திரவதனாவுக்கு அது யாரென்று பிடிபட்டது. அந்த முகம் ஞாபகம் வந்தது. சாப்பாட்டு வரிசையில் எத்தனையோ நாள் முன்னாலும் பின்னாலும் நின்ற முகம்.

"அந்தப் பேரை அப்படிப் போட்டது நான்தாங்க" என்றாள் ஸ்ரீநிதி. "முதல் நாள் எண்பது ஃபாரம் வந்துச்சு. உங்க ஃபாரத்துல நம்பர் விட்டுப்போயிருந்தது. அப்புறமா கேட்டுக்கலாம்னு சும்மா சேத்துட்டேன். கேக்கவே இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

"நானும் பாக்கேல்லைத்தானே" என்றாள் சந்திரவதனா.

அடுத்த வாரம் ஸ்ட்ரெதமில் ஒரு சின்னக் காப்பிக் கடையில் சந்தித்தார்கள். ஸ்ரீநிதிக்கு முப்பத்தொரு வயது இருக்கும். அவளும் ஏழு மாதமாக வேலையில்லாமல் இருந்தாள். அந்தச் சம்பளப் பட்டியலைக் கையாண்ட ஏஜென்சி இன்னும் இயங்கியது. பதிவுகள் அங்கே பத்திரமாக இருந்தன. ஸ்ரீநிதி காப்பிக் கடையில் இருந்தபடியே அவர்களுடன் போனில் பேசினாள், திருத்தம் கேட்டாள், நடந்தது என்னவென்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

வேலை முடிந்தபின் இருவரும் உடனே எழும்பவில்லை.

"அங்கை வேலை செய்யேக்கை நான் தமிழ் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும்."

"பிறகு ஏன் ஒரு நாளும் கதைக்கேல்லை?"

ஸ்ரீநிதி கோப்பையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நீங்க எப்பவும் தனியா ஓரமா உக்காந்து சாப்பிடுவீங்க. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நினைச்சேன். நானும் அந்தப் பக்கம் தனியாத்தான் சாப்பிட்டேன்."

சந்திரவதனா வெளியே தெருவைப் பார்த்தாள். பதினொரு மாதம், வாரத்துக்கு ஐந்து மத்தியானம். தமிழில் ஒரு சொல் பேசியிருந்தால் அந்தக் கொட்டகையின் குளிர் கொஞ்சம் குறைந்திருக்கும். அதைச் சொல்ல நினைத்தாள். சொன்னால் குற்றம் சொல்வது போலாகும் என்று விட்டுவிட்டாள்.

உதவித்தொகை மறுத்த முடிவை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி எழுதினாள். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. பதிவு அவள் பெயருக்கு மாறியிருந்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு உதவித்தொகை. மரியமலர் இனிப்பாக வட்டிலப்பம் செய்தார். சந்திரவதனா கடிதத்தைப் படம் எடுத்து ஸ்ரீநிதிக்கு அனுப்பினாள். "சூப்பர் அக்கா" என்று பதில் வந்தது. கீழே இன்னொரு வரி: தூர வடக்கே லீட்ஸில் ஒரு மருத்துவமனையில் சம்பளப் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது, சனிக்கிழமை கிளம்புகிறாள்.

சந்திரவதனா வாழ்த்து எழுதினாள். எழுதிவிட்டு அறை விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் இருந்தாள்.

உதவித்தொகை பெற்ற காலத்தில் வேலை மையத்துக்கு ஒழுங்காகப் போனாள். அங்கிருந்த அலுவலர் ஒரு இளம் பெண். இவள் வேலையைக் கேட்டு வியந்தாள். "புது உடுப்பைப் பழசாக்கக் காசு தருவார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தாள். பிறகு தன் கணினியில் அந்தத் தொழிலுக்கு ஒரு சொல்லைத் தேடினாள். கிடைக்கவில்லை. 'தையல்' என்று பதிந்தாள்.

ஆறு மாதம் முடிவதற்குள் அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு கலியாண உடுப்புக் கடையில் வேலை கிடைத்தது. வாரத்தில் நாலு நாள். ஜாக்கெட் பெரிதாக்க வேண்டும், சிறிதாக்க வேண்டும், பாவாடைக்கு ஓரம் மடிக்க வேண்டும். முதல் வாரம் அவள் கை தானாகவே விளிம்பைத் தேய்க்கப் போனது. முதலாளியம்மா பதறிப் பறித்துக்கொண்டாள். படப்பிடிப்பிலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது, மூன்று நாள், நாலு நாள் என்று. ஒன்றுக்குப் போனாள். அங்கே எல்லாரும் புதிய முகங்கள்.

ஞாயிறுகளில் சில வேளை ஸ்ரீநிதியை அழைப்பாள். எடுத்தால் அரை மணி பேசுவார்கள். எடுக்காவிட்டால் அவளுக்கும் ஏதாவது அலுவல் இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். கடையில் மத்தியானம் மற்றப் பெண்கள் சேர்ந்திருந்து குஜராத்தியில் கதைத்துச் சாப்பிடுவார்கள். அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் இப்போது தன் கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவர்களோடு இருக்கிறாள்.